11 வரிசை பின்னியும் 6 செ.மீ. தான் வருகிறது, பாப்பா ஸ்வெட்டரில் எங்கே தப்பு?

பாளைக்காரி:

நாத்தனாருக்குத் தை முதல் வாரம் தேதி சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து அழைத்து வந்துவிட்டோம், இப்போது பாளையங்கோட்டையில் எங்களோடுதான் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரே அண்ணன், அதனால் தாய்மாமன் சீர் முழுக்க எங்கள் தலையில். அரைஞாண், காப்பு, தண்டை என்று அத்தை, என் மாமியார், பட்டியல் போட்டாயிற்று. அதில் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. சரி, தட்டில் என் கையால் செய்தது ஒன்றாவது இருக்கட்டும் என்று, முன்பக்கம் திறந்து பட்டன் போடுகிற மாதிரி ஒரு குட்டி ஸ்வெட்டர் குரோஷாவில், கொக்கி ஊசியால் பின்னுவதில், ஆரம்பித்தேன்.

ஊசி பிடிக்க நான் புதிது இல்லை. எட்டாம் வகுப்பில் கைத்தொழில் பீரியடில் படித்தது. டீப்பாய் விரிப்பு, ஃப்ரிட்ஜ் மேல் போடுவது, தலையணை உறைக்கு ஓரம் எல்லாம் பின்னியிருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் தொடவில்லை, பத்து வருஷம் ஓடிவிட்டது. உடம்பில் போடுகிற எதையும் பின்னியதே இல்லை.

அமெரிக்காக்காரப் பெண் ஒருத்தியின் வீடியோவைப் பார்த்துப் போடுகிறேன். கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்குகிற வகை, 4 மி.மீ. ஊசி. 52 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, கடைசி 3 செயின் ஒரு கண்ணிக் கணக்கு என்பதால் 50 கண்ணி: முன்பக்கத்துக்கு 7, மூலைக்கு 1, கைக்கு 8, மூலை 1, முதுகுக்கு 16, மூலை 1, கை 8, மூலை 1, அந்தப்பக்க முன்பாகம் 7. நாலு மூலையிலும் ஒரு டபிள், ஒரு செயின், இன்னொரு டபிள், ஆக முதல் வரிசையில் 4, அப்புறம் வரிசைக்கு 8 கூடும். வரிசை திரும்பும்போது 3 செயின். முதல் வரிசை முடிவில் 54, 11ஆம் வரிசை முடிவில் 134 இருக்க வேண்டும். மூன்று தரம் எண்ணிவிட்டேன், 134 இருக்கிறது. ஆனால் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கழுத்திலிருந்து கீழ்வரை 6 செ.மீ. தான். அவளுக்கு 12க்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. அதோடு ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது, வரிசை திரும்புகிற இடத்தில் எல்லாம் ஒரு வளையம் காது மாதிரி வெளியே நிற்கிறது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்கு மாலையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இரண்டாவது, நூல். கைக்குக் கிடைத்தது ரோஸ் கலர் அக்ரிலிக் உல்லன். நம் ஊர் வெக்கைக்கு இது சரிப்படுமா?

மூன்றாவது, அத்தை. நூலைப் பார்த்த அன்றைக்கே, "ஏளா, புள்ள பொறக்கதுக்கு முன்ன துணி தைக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?" என்றார்கள். அதிலிருந்து மாடியில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பின்னிக்கொண்டிருக்கிறேன். இதற்கு என்ன செய்ய?


குறுக்குத்துறை சுந்தரி:

உங்கள் கை இறுக்கம் என்று நினைக்கிறேன். டீப்பாய் விரிப்பு பின்னிப் பழகிய எல்லோருக்கும் இது வரும், எனக்கும் வந்தது. மெல்லிசு நூலில், ஒன்றேகால் மி.மீ. இரும்பு ஊசியில் இழுத்து இழுத்துப் போட்ட கை, தடி நூலைக் கொடுத்தாலும் அதே இழுவைதான் இழுக்கும். விரிப்புக்கு அது அழகு, உடுப்புக்குப் பலகை மாதிரி நிற்கும். நூலை விரலில் ஒரு சுற்று குறைத்துச் சுற்றிப் பாருங்கள், ஊசியையும் 4.5 அல்லது 5க்கு மாற்றிப் பாருங்கள்.

ரோஸ் பற்றி ஒன்று. என்ன பிள்ளை என்று தை மாசம் வரைக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஸ்கேனில் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது, 1994லேயே சட்டம் போட்டாயிற்று. ரோஸில் பின்னி வைத்து ஆண்பிள்ளை பிறந்தால் உங்கள் அத்தை அதையும் ஒரு சொல் சொல்வார்கள். மஞ்சளோ இளம்பச்சையோ எடுங்கள், வம்பே இல்லை.


மேலப்பாளையம் டெய்லர்:

நான் குரோஷா ஆள் இல்லை, மெஷின்காரன். தங்கச்சி ஒருத்தி பின்னுவாள், அதைப் பார்த்த பழக்கம்தான். ஆனால் நீங்கள் சொன்ன நெளிவு எனக்குத் தெரிந்த நெளிவு. கை இறுக்கமாக இருந்தால் நீளம் அகலம் இரண்டும் சேர்ந்துதான் சுருங்கும். உங்களுக்கு அகலம் சரியாக இருந்து நீளம் மட்டும் பாதியாக நிற்கிறது. அகலம் ஓடுகிற ஓட்டத்துக்கு நீளம் வரவில்லை என்றால் அதற்குப் பெயர் அம்பர்லா கட், இன்னும் ஓடினால் ஃப்ரில். நாங்கள் பாவாடைக்கு வேண்டுமென்று செய்வதை நீங்கள் தெரியாமல் கழுத்தில் செய்திருக்கிறீர்கள். ஆக ஊசியை மாற்றி இது தீராது தங்கச்சி. ஒரு வரிசையின் உயரமே தப்பு. எந்தத் தையல் போடச் சொன்னாள், நீங்கள் எந்தத் தையல் போட்டீர்கள் என்று பாருங்கள்.


இடையன்குடி ஆச்சி:

டெய்லர் தம்பி ஆளைப் பிடித்துவிட்டார், நான் பெயரைச் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் சொல்லிக் கொடுத்தவள் நான், இந்தத் தப்பை வருஷத்துக்கு நாலு பேராவது செய்யக் கண்டிருக்கிறேன்.

பாளைக்காரி, நீ "டபிள்" என்று போடுவது எப்படி? ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, நூலை இழுத்து, ஊசியில் இரண்டு வளையம் இருக்க, ஒரே இழுப்பில் முடிக்கிறாயா? அப்படித்தான் இருக்கும். உன் டீச்சர் அதைத்தான் டபிள் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். உள்ளே விடும் முன்னே நூலை ஒரு தரம் ஊசியில் சுற்றிக்கொண்டு, இரண்டிரண்டாகக் கழற்றினால் அது டிரெபிள். இது இங்கிலாந்துக் கணக்கு. அமெரிக்காக்காரிக்கு எல்லாம் ஒரு படி கீழே. நம் டபிள் அவளுக்கு சிங்கிள். நம் டிரெபிள்தான் அவளுக்கு டபிள். நம் டபிள் டிரெபிள் அவளுக்கு வெறும் டிரெபிள். அவள் டபிள் போடு என்றதும் நீ உன் டபிளைப் போட்டாய், உயரம் பாதியாகப் போனது. அந்தக் காது மாதிரி நிற்கிற வளையம்தான் சாட்சி: 3 செயின் என்பது டிரெபிளின் உயரம், உன் குட்டைத் தையலுக்கு 1 செயின் போதும், மிச்சம் துருத்திக்கொண்டு நிற்காமல் என்ன செய்யும்?

இனிமேல் எந்த வீடியோ பார்த்தாலும், அவள் வாயில் "சிங்கிள்" என்ற சொல் வருகிறதா என்று முதலில் கேள். வந்தால் அமெரிக்கக் கணக்கு. இங்கிலாந்துக் கணக்கில் சிங்கிள் என்ற பெயரில் ஒரு தையல் பின்னுவது கிடையாது.

நம் பள்ளிக்கூடங்களில் ஏன் இங்கிலாந்துப் பெயர் என்றால், ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் அங்கிருந்து வந்தவர்கள், வேறென்ன. எங்கள் இடையன்குடிக்கு மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841ல் வந்தார். அவர் சம்சாரம் எலிசா அம்மா, நாகர்கோவிலில் இருந்த மால்ட் ஐயரின் மகள், 1844ல் கல்யாணமாகி இந்தத் தேரிக்காட்டுக்கு வந்து பெண்பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து லேஸ் பின்னப் பழக்கினார். அது குரோஷா இல்லை, திண்டின் மேல் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றி, கட்டையை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அந்தக் கட்டைகள் உரசுகிற சத்தம் கேட்டு வளர்ந்தவள் என் ஆச்சி. சொல்ல ஆரம்பித்தால் போய்க்கொண்டே இருக்கும், விடு.

பின்னியதைப் பிரித்துவிடு. மனசு கேட்காது, ஆனாலும் பிரி.


பாளைக்காரி:

ஆச்சி! அதேதான். ஒரே இழுப்பு டபிள்தான் போட்டேன். வீடியோவில் அவள் கையைப் பார்க்காமல் காதால் கேட்டுக்கொண்டே பின்னியிருக்கிறேன், மடியில் வேலை இருக்கும்போது திரையை எங்கே பார்ப்பது? இப்போது போய்ப் பார்த்தால் சுற்றிக்கொண்டுதான் உள்ளே விடுகிறாள்.

நேற்று ராத்திரி முழுக்கப் பிரித்தேன். டிரெபிளில் ஒரு துண்டு பின்னி அளந்தேன், 10 செ.மீ.க்கு 16 கண்ணி, 9 வரிசை. அப்படியென்றால் 11 வரிசைக்கு 12 செ.மீ. தாண்டுகிறது, சரியாகிவிட்டது. டெய்லர் அண்ணாச்சிக்கும் ரொம்ப நன்றி, அம்பர்லா என்று வாசித்ததும் சிரித்துவிட்டேன், அத்தை கீழேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள்.

பிரித்ததுதான் பிரித்தேன், நூலையும் அளவையும் இப்போதே முடிவு செய்துகொள்கிறேன். அவள் கணக்குப்படி கைக்குழியில் 3, 3 செயின் சேர்த்தால் உடம்புக்கு 80 கண்ணி, அதாவது 50 செ.மீ. சுற்றளவு. பச்சைப்பிள்ளைக்கு இது தொளதொளவென்று இருக்காதா? குறைக்கட்டுமா?


மாஞ்சோலைக்காரி:

குறைக்காதீர்கள்! அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் வளர்ந்தது மாஞ்சோலை மலை எஸ்டேட்டில், கட்டிக்கொடுத்தது தென்காசியில். அப்போது எஸ்டேட்டில் ஸ்வெட்டர் என்பது சட்டை மாதிரி, தேடி எடுத்துப் போட்டதில்லை, கழற்றினால்தான் சேதி. பஸ் மணிமுத்தாறு இறங்கும்போது ஒவ்வொருவராகக் கழற்றி மடியில் வைப்பார்கள். கீழே உள்ளவர்களுக்கு ஸ்வெட்டர் என்றால் பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகிற அன்பளிப்பு மட்டும்தான். என் மூத்தவள் பிறந்தபோது எங்களுக்கு ஏழு செட் வந்தது, குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர், அத்தனையும் பச்சைப்பிள்ளை அளவு, அத்தனையும் உல்லன், பிறந்தது பங்குனியில். ஒன்றுகூட உடம்பில் ஏறவில்லை. போட்டோவுக்கு ஒரு நிமிஷம் போட்டோம், பிள்ளை தக்காளி மாதிரி சிவந்துபோனாள், கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஏழும் பரணில் கிடந்து அப்புறம் யார் யார் பிள்ளைக்கோ போயின.

அதனால் பிறந்த நாளை நினைக்காதீர்கள், அந்தப் பிள்ளைக்கு எந்த மாசம் குளிரும் என்று நினைத்துப் பின்னுங்கள். தையில் பிறந்தால் தை, மாசியில் காலை வேளையில் கொஞ்சம் குளிர் இருக்கும், அதற்கு ஒரு பருத்தித் துண்டில் பொதிந்து வைத்தால் போதும். பங்குனியிலிருந்து பாளையில் யார் ஸ்வெட்டர் போடப் போகிறார்கள்? சரி, நாத்தனாரைக் கொடுத்திருப்பது எந்த ஊர்? அதுதான் கேள்வி.

நூல் பருத்திதான். 8 இழைப் பருத்தி நூல் கேட்டு வாங்குங்கள், மில்க் காட்டன் என்று ஒன்றும் வருகிறது, அது பருத்தியும் வேறு இழையும் கலந்தது, மெத்தென்று இருக்கும். இந்த அளவுக்கு ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும், ஒரு உருண்டை கூடுதலாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், அடுத்த தடவை போனால் அதே பச்சை வேறு பச்சையாக இருக்கும். அக்ரிலிக் லேசு, மலிவு, துவைக்கவும் சுலபம், எல்லாம் சரி. ஆனால் வேர்வையை உறிஞ்சாது. தெரியாமல் சூடான இஸ்திரிப்பெட்டியை மேலே வைத்துவிட்டால் துவண்டு போகும், அப்புறம் பழைய நிலைக்கு வரவே வராது.


பாளைக்காரி:

அக்கா, கொடுத்திருப்பதும் தென்காசிப் பக்கம்தான்! இலஞ்சி. மூணாம் மாசம் பிள்ளையோடு அங்கே போய்விடுவாள்.


மாஞ்சோலைக்காரி:

இலஞ்சியா? அப்புறம் என்ன யோசனை. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் அங்கே முற்றத்தில் விழும். காற்று வேறு, கதவு டமார் டமார் என்று அடிக்கும். தையில் பிறந்த பிள்ளைக்கு ஆடியில் ஆறு மாசம், தவழ ஆரம்பிக்கிற நேரம். ஆறு மாசப் பிள்ளைக்கு மார்பு 43 செ.மீ. சுமாராக இருக்கும், ஒரு வயசில் 45, 46. உள்ளே ஒரு ஜப்லா போட்டு மேலே போட 50 செ.மீ. கச்சிதம். அந்த ஆடிக்கும் ஆகும், கையைக் கொஞ்சம் நீளமாக வைத்தால் அடுத்த மார்கழிக்கும் ஆகும். பருத்தி என்பதால் சாரல் காற்றுக்குப் போதும், பனிமலைக்கா போகிறாள்.


சங்கர்நகர் வித்யா:

குழந்தை வார்டில் வேலை பார்க்கிறேன், அதனால் இரண்டு விஷயம் மட்டும்.

கழுத்தில் கட்டுகிற கயிறு, ரிப்பன், குஞ்சம் எதுவும் வேண்டாம். வீடியோக்களில் அழகாக இருக்கும், பிள்ளை இழுத்தால் கழுத்தைச் சுற்றும். பெரிய ஓட்டை வருகிற டிசைனும் வேண்டாம், விரல் மாட்டும். உள்பக்கம் நூல் முனை தொங்கவே கூடாது, அதைச் சும்மா வெட்டிவிட்டால் அவிழ்ந்து வரும். ஒரு விரல் நீளத்துக்கு முனை விட்டு, ஊசியில் கோத்து இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றி உள்ளே ஓட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மெல்லிய இழை பிள்ளை விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும், பிள்ளைக்கு அழுகைதான் வரும், எதற்கு அழுகிறது என்று யாருக்கும் புரியாது. நான் பார்த்தது சாக்ஸுக்குள் ஒரு தலைமுடி, கால் விரலில், வீட்டில் இரண்டு மணி நேரம் ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பட்டன் தைத்தால் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். ஆறு மாசத்தில் கையில் கிடைத்த எல்லாம் வாய்க்குள்தான். தூங்கவைக்கும்போது ஸ்வெட்டரும் குல்லாவும் கழற்றிவிடச் சொல்லுங்கள், தொட்டிலுக்குள் அதுவே தனி வெக்கை.

அத்தை விஷயத்தில் என் கருத்து, இதெல்லாம் அந்தக்காலத்து நம்பிக்கை, நீங்கள் பாட்டுக்குப் பின்னுங்கள், பிறந்த அப்புறம் அவர்களே வாங்கிப் போட்டு அழகு பார்ப்பார்கள்.


குறுக்குத்துறை சுந்தரி:

வித்யா சொல்வது சுலபம், அதே வீட்டில் இருக்கிறவளுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டிலும் பிள்ளைக்கு முதல் துணி ஆச்சி கட்டிப் பழசான நூல் சேலையைக் கிழித்ததுதான். நம்பிக்கை ஒருபக்கம், துவைத்துத் துவைத்து மெத்தென்றான துணி அதுதான் வீட்டில் இருக்கும், புதுத்துணியின் கஞ்சி பச்சைத்தோலைக் கீறும். பாதி சாஸ்திரம், பாதி சௌகரியம். (கை இறுக்கம் என்று நான் சொன்னது தப்பாகப் போய்விட்டது, ஆனாலும் இறுக்கமாகத்தான் பின்னுகிறீர்கள் என்று இன்னும் சந்தேகம் இருக்கிறது!)


பாளைக்காரி:

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. மாடியில் பிடிபட்டுவிட்டேன்.

மழைக்குக் காயப்போட்டதை எடுக்க வந்த அத்தை, நான் மடியில் நூலோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்கள். திட்டுவார்கள் என்று பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது. ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அவருக்கு முன்னால் ஒன்று இருந்ததாம், எட்டாம் மாசத்திலேயே சட்டை, குல்லா, மெத்தை எல்லாம் அம்மாவே தைத்து ட்ரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்களாம். பிள்ளை தங்கவில்லை. அந்தப் பெட்டியில் இருந்தது எதையும் எங்களுக்குப் போடவில்லை என்றார். கல்யாணமாகிப் பத்து வருஷம், எனக்கு இது தெரியாது.

வித்யா, நீங்கள் சொன்னதில் தப்பில்லை, ஆனால் என்னால் இப்போது நான் பாட்டுக்குப் பின்ன முடியவில்லை. இளம்பச்சைப் பருத்தி நூல் 200 கிராம் டவுனில் வாங்கி வந்து, மேல்பாகம் முடித்து, கைகளை ஒதுக்கி, உடம்பில் ஏழெட்டு வரிசையும் இறங்கிவிட்டேன். அப்படியே கட்டி வைத்துவிட்டுப் பிறந்த பிறகு முடிக்கலாமா? பிரசவ வீட்டில் அப்புறம் ஊசி எடுக்க நேரம் ஏது?


மேலப்பாளையம் டெய்லர்:

அம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள் தங்கச்சி.

என் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுத்துப் பட்டன் கட்டும் வரைக்கும் அது சட்டை இல்லை, துணிதான். அளவெடுத்து வெட்டித் தைத்துக் கழுத்து வைத்து மாட்டியிருந்தாலும், காஜா ஆகவில்லை என்றால் வாடிக்கைக்காரரிடம் "இன்னும் தைக்கவில்லை" என்றுதான் சொல்வோம்.

உங்கள் வேலையிலும் அது அப்படியே பொருந்தும், சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஆண் சட்டைக்குக் காஜா இடது பக்கம், பெண் சட்டைக்கு வலது பக்கம். பிள்ளை பிறந்தால்தானே எந்தப் பக்கம் என்று தெரியும்? அதனால் உடம்பையும் கையையும் முடியுங்கள். முன்பக்கப் பட்டியும் காஜாவும் பட்டனும் பிறந்த பிறகு. நாலைந்து வரிசைப் பட்டி, அஞ்சு பட்டன், ஒரு சாயங்கால வேலை. அம்மாவிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், "அத்தை, இது இன்னும் சட்டை இல்லை, பட்டனை நீங்கதான் கட்டணும்" என்று.


இடையன்குடி ஆச்சி:

தம்பி, உம்மை என் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கலாம்.

பாளைக்காரி, ஒன்று கேட்கிறேன், ஏழெட்டு வரிசை இறங்கினாய் என்றாயே, ஒவ்வொரு வரிசையும் எண்ணினாயா? இப்போது எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்.


பாளைக்காரி:

76 இருக்கிறது ஆச்சி. 80 இருக்க வேண்டும். எப்படித் தெரிந்தது உங்களுக்கு?


இடையன்குடி ஆச்சி:

மேல்பாகம் பின்னும்போது வீடியோவில் அவள் வரிசைக்கு வரிசை எண்ணச் சொல்லியிருப்பாள், உடம்பு நேர் வரிசை என்றதும் "அப்படியே போய்க்கொண்டிருங்கள்" என்று விட்டிருப்பாள், நீயும் போய்க்கொண்டிருந்திருப்பாய். எல்லோரும் அங்கேதான் விழுவது.

திரும்பும்போது போடுகிற 3 செயினும் ஒரு டிரெபிள் கணக்குத்தான். அடுத்த வரிசையின் கடைசித் தையல் அந்த 3 செயினின் தலையில் விழ வேண்டும். அது கண்ணி மாதிரி தெரியாது, வளைந்து ஒதுங்கி நிற்கும், அதை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டாய். நாலு தரம் விட்டிருக்கிறாய், நாலு போயிற்று. ஓரம் உள்பக்கம் சாய்ந்திருக்கும் பார். எந்த வரிசையில் முதலில் 79 ஆனதோ அதுவரை பிரி. இனிமேல் 3 செயின் போட்டதும் மூன்றாவது செயினில் ஒரு ஊக்கைக் குத்தி வை. திரும்பி வரும்போது ஊக்கு இருக்கிற இடத்தில் தைத்துவிட்டு, ஊக்கை எடுத்து மறு ஓரத்தில் குத்து. குண்டூசி வேண்டாம், பிள்ளைத்தாச்சி நடமாடுகிற வீடு.

உடம்பு கைக்குழிக்குக் கீழே 13, 14 செ.மீ. போதும், 12 வரிசை. கைக்கு ஒதுக்கி வைத்த 30ஓடு குழியின் 3 செயினில் 3 எடுத்தால் 33. நாலு வரிசைக்கு ஒரு தரம் அடியில் இரண்டிரண்டு குறைத்துக்கொண்டு போய் 27ல் நிறுத்து. முடித்ததும் துவைத்துவிடு, பச்சை நூல் முதல் தண்ணியில் கொஞ்சம் சாயம் விடலாம், தண்ணி தெளிகிற வரை அலசு. கொடியில் தொங்கவிடாதே, பருத்தி நனைந்தால் கனம், முழம் நீண்டுவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, பாயில் விரித்து அளவுக்கு இழுத்து வைத்து நிழலில் காயவிடு. பத்தமடைக் கோரைப்பாய் இருந்தால் இன்னும் நல்லது, அடியிலும் காற்று ஓடும்.


பாளைக்காரி:

பிரித்து, 80ஐ மீட்டு, 12 வரிசை முடித்தாயிற்று. ஒரு கை ஆயிற்று, இன்னொரு கை பாதியில் இருக்கிறது. ஊக்கு வைத்த பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை.

அத்தையிடம் சொன்னேன். டெய்லர் அண்ணாச்சி சொன்ன மாதிரியே, வார்த்தை மாற்றாமல். கையில் வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்கள், நூல் முனை ஏதாவது தொங்குகிறதா என்று தடவிப் பார்த்தார்கள், வித்யா சொன்னது எப்படித்தான் அவர்களுக்குத் தெரியுமோ. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து, அதிலிருந்த பட்டன்களைப் பாயில் கொட்டி, நாலு வெள்ளை எடுத்தார்கள். அஞ்சாவதாக ஒரு கறுப்பு. "கீழ் பட்டன் இது. கண்ணு படாம இருக்கும்" என்று சொல்லி அஞ்சையும் ஒரு துணியில் முடிந்து தன் பீரோவிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது மாடிக்குப் போவதில்லை, கூடத்திலேயே உட்கார்ந்து பின்னுகிறேன். நேற்று பக்கத்தில் வந்து, "கை எம்புட்டு நீளம் போடப் போற?" என்று கேட்டார்கள். ஆச்சி, நீங்கள் கை நீளம் சொல்லவில்லையே.


இடையன்குடி ஆச்சி:

ஆறு மாசத்துக்கு 16, 17 செ.மீ., ஒரு வயசுக்கு 19. நீ 19 போட்டு ஓரத்தை ஒரு மடிப்பு மடித்துவிடு. ஆடியில் மடித்துப் போடட்டும், மார்கழியில் பிரித்துவிடட்டும்.